கழுகுகளை ஏன் எண்ண வேண்டும்? திருக்கழுக்குன்றம் முதல் முட்டுக்காடு வரை ஒரு விளக்கம்

ஐப்பசி மழை சற்று விட்ட ஒரு காலையில் ஈ.சி.ஆர். வழியாக முட்டுக்காடு பாலத்தைக் கடக்கிறீர்கள். ஒரு பக்கம் படகுக் குழாம், மறுபக்கம் கடல் வாய். நடுவில் உப்பும் நன்னீரும் கலந்த கழிமுகம். மேலே ஒரு பெரிய பறவை வட்டமடிக்கிறது. காரில் இருக்கும் பிள்ளை கேட்கிறது: "அப்பா, அது என்ன?" நம்மில் பெரும்பாலானோரின் பதில் ஒரே சொல்தான்: "பருந்துப்பா."

ஆனால் அது வருடம் முழுக்க இங்கேயே வாழும் செம்பருந்தாக இருக்கலாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே இருந்து குளிர்காலத்தைக் கழிக்க வந்த விரால் அடிப்பானாகவும் இருக்கலாம். நாணல் மேட்டின் மேல் தாழப் பறந்து எலியும் தவளையும் தேடும் சேற்றுப் பூனைப்பருந்தாகவும் இருக்கலாம். இந்த மூன்றுக்கும் நாம் ஒரே பெயர் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அதனால் மூன்றில் ஒன்று காணாமல் போனாலும் நமக்குத் தெரியப் போவதில்லை.

உலகின் பல மலைக் கணவாய்களிலும் பள்ளத்தாக்குகளிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஆட்கள் நாள் முழுக்க நின்று, வலசை போகும் கழுகுகளையும் பருந்துகளையும் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். "சும்மா ஒரு கணக்குதானே, இதில் என்ன இருக்கிறது?" என்று தோன்றலாம். அந்தக் கணக்கு எதற்கு, அது எப்படி எடுக்கப்படுகிறது, செங்கல்பட்டு மாவட்டத்துக்கு அது இப்போது ஏன் அவசரம் என்பதைப் பார்ப்போம்.

நம் ஊரிலேயே நடந்த ஒரு இழப்பு

இதற்கான முதல் உதாரணத்தைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. மாமல்லபுரத்தில் இருந்து செங்கல்பட்டு போகும் பேருந்தில் ஏறினால் வழியில் திருக்கழுக்குன்றம் வரும். ஊரின் பெயரிலேயே கழுகு இருக்கிறது. பட்சி தீர்த்தம் என்ற இன்னொரு பெயரும் உண்டு. வேதகிரீஸ்வரர் மலைக்கோயிலில் தினமும் உச்சி வேளைக்கு இரண்டு பறவைகள் வந்து இறங்கும். அர்ச்சகர் சோறும் நெய்யும் சர்க்கரையும் கலந்து வைப்பார். பறவைகள் சாப்பிட்டுவிட்டுப் பறந்து போகும். இதைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்களில் இருந்து கூட்டம் வந்தது. இன்று அறுபது வயதைத் தாண்டிய பலர், "சின்ன வயசுல நானே பார்த்திருக்கேன்" என்பார்கள்.

ஊர் அவற்றைக் கழுகு என்று அழைத்தாலும், பறவையியலாளர்களின் கணக்கில் அவை மஞ்சள்முகப் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகு இனங்களில் சிறியது. வெள்ளை உடல், மஞ்சள் முகம், சிறகின் ஓரம் கறுப்பு. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐ.யு.சி.என். 2007 முதல் இந்த இனத்தை அழியும் ஆபத்தில் உள்ளவற்றில் சேர்த்திருக்கிறது.

1990-களின் பிற்பகுதிக்குப் பிறகு அந்த இரண்டு பறவைகளும் வரவில்லை. ஒவ்வொரு நாளும், ஒரே நேரத்தில், ஒரே பாறையில், நூற்றுக்கணக்கான கண்கள் பார்த்துக்கொண்டிருந்த பறவைகள் அவை. இதைவிட ஒழுங்கான கணக்கெடுப்பு உலகத்திலேயே இருந்திருக்காது. ஆனால் தேதி போட்டு, வந்தது எத்தனை, வராத நாள் எது என்று பறவைக் கணக்காக எழுதிவைக்கும் வழக்கம் உருவாகவில்லை. வராத நாட்களுக்கு, "கூட்டத்துல யாரோ பாவி இருக்கான்" என்றுதான் விளக்கம் சொல்லப்பட்டது. அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால் வராத நாட்கள் எந்த ஆண்டில் இருந்து கூடின, இரண்டு ஒன்றானது எப்போது என்பதெல்லாம் அதில் இருந்திருக்கும். அந்த ஆண்டில் சுற்றுவட்டாரத்தில் என்ன மாறியது என்று பின்னோக்கித் தேடியிருக்கலாம்.

பார்ப்பதற்கும் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

எண்ணியதால் என்ன கிடைத்தது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாக் மவுன்டன் என்றொரு மலைமுகடு இருக்கிறது. இலையுதிர் காலத்தில் அந்த முகட்டை ஒட்டியே கழுகுகளும் பருந்துகளும் தெற்கே போகும். 1930-களின் தொடக்கம் வரை ஆட்கள் துப்பாக்கியோடு அங்கே போய் விளையாட்டுக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். 1934-ல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து, வேட்டையை நிறுத்தி, காவலுக்கு மாரிஸ் புரூன் என்பவரை நியமித்தார். காவலுக்கு வந்தவர், போகிற பறவைகளை எண்ணவும் தொடங்கினார். எந்த ஆராய்ச்சித் திட்டமும் இல்லாமல், தினமும் எண்ணி எழுதிவைத்தார்.

அந்தக் குறிப்புகளில் வெண்தலைக் கழுகுகளின் கணக்கும் இருந்தது. 1935 முதல் 1939 வரை எண்ணிய கழுகுகளில் சுமார் 40 சதவீதம் இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரையான காலத்தில் அது 20 சதவீதமாகக் குறைந்திருந்தது. வளர்ந்த கழுகுகள் வானில் பறந்துகொண்டுதான் இருந்தன. மேலோட்டமாகப் பார்த்தவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் குஞ்சுகள் வரவில்லை. பூச்சிக்கொல்லியான டி.டி.டி., மீன் வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்து இனப்பெருக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ரேச்சல் கார்சன் 1962-ல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' நூலில் இந்தக் கணக்கைச் சான்றாக வைத்தார். 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. 2007-ல் வெண்தலைக் கழுகு அந்நாட்டின் ஆபத்துப் பட்டியலில் இருந்தே வெளியே வந்தது.

கழுகுகள் ஏன் முதலில் அடிபடுகின்றன? அவை உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கின்றன. வயலில் அடிக்கும் மருந்து பூச்சிக்குப் போகிறது. பூச்சியைச் சின்ன மீன் தின்கிறது, அதைப் பெரிய மீன் தின்கிறது, பெரிய மீனைக் கழுகு தின்கிறது. ஒவ்வொரு படியிலும் நஞ்சின் அடர்த்தி கூடுகிறது. அதே மீனை நாமும்தான் சாப்பிடுகிறோம். கழுகின் கணக்கு ஒரு வகையில் நம்முடைய ரத்தப் பரிசோதனை அறிக்கையும்கூட.

இந்தியாவின் பாடம் இன்னும் கசப்பானது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் நாட்டின் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 சதவீதம் அழிந்துபோயின. மாடுகளுக்கு வலி நிவாரணியாகக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்துதான் காரணம் என்று 2004-ல் உறுதியானது. அந்த மருந்து உடலில் இருக்கும்போது இறந்த மாட்டைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. 2006-ல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அந்த மருந்தை மத்திய அரசு தடை செய்தது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய மருந்துகளும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் ஆண்டாண்டாக எடுத்த கணக்கு இருந்ததால்தான் சரிவே கண்ணில் பட்டது. கணக்கு இல்லாத ஊர்களில், "முன்னாடியெல்லாம் நிறைய வரும்" என்ற பேச்சு மட்டும்தான் மிச்சம்.

மலைப் பள்ளத்தாக்கில் நின்று எண்ணுவது ஏன்?

கழுகு போன்ற கனமான பறவைகள் சிறகடித்துக்கொண்டே நெடுந்தூரம் போக முடியாது. சக்தி தீர்ந்துவிடும். அதனால் வெயிலில் சூடாகி மேலே எழும் காற்றைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தக் காற்றுத்தூணில் சுழன்று சுழன்று உயரம் ஏறி, பிறகு சிறகை விரித்தபடி வழுக்கிக்கொண்டு அடுத்த காற்றுத்தூணுக்குப் போகின்றன. மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றும் அதே வேலையைச் செய்கிறது. கடலின் மேல் இப்படிப்பட்ட காற்று பெரும்பாலும் கிடைப்பதில்லை. எனவே கடலைத் தவிர்த்து, மலை ஓரமாகவும் கணவாய் வழியாகவும் கூட்டமாகப் போகின்றன. அகலமான சாலை ஒரே சுங்கச்சாவடியில் குறுகுவது மாதிரி. அங்கே நின்றால் எல்லா வண்டியையும் எண்ணிவிடலாம்.

உலகில் இப்படிச் சில பெரிய 'சுங்கச்சாவடிகள்' உண்டு. மெக்சிகோவின் வெராக்ரூஸ் பகுதியில் ஒரே பருவத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இரைகொல்லிப் பறவைகள் கடக்கின்றன. கருங்கடலுக்கும் காகசஸ் மலைக்கும் நடுவே உள்ள ஜார்ஜியாவின் பட்டுமியில் 2008 முதல் எண்ணுகிறார்கள். அங்கே ஒரு பருவத்துக்கு 10 லட்சத்தைத் தாண்டும்.

நமக்கு அருகில் இமயமலை இருக்கிறது. மத்திய ஆசியப் புல்வெளிகளில் இனப்பெருக்கம் செய்யும் ஸ்டெப்பி கழுகுகள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இமயமலையின் தெற்குச் சரிவை ஒட்டிக் கிழக்கில் இருந்து மேற்காகப் போகின்றன. நேபாளத்தில் பொக்காரா அருகே தூலாகர்க்கா என்ற இடத்தில் 2012 முதல் அவற்றை எண்ணி வருகிறார்கள். இமாச்சலப் பிரதேசத்தின் தர்மசாலாவில் 2001-ன் இலையுதிர் காலத்திலும் 2002-ன் இளவேனிலிலும் நடந்த கணக்கெடுப்பில் அதே கழுகுகள் ஆயிரக்கணக்கில் பதிவாயின. ஸ்டெப்பி கழுகு 2015 முதல் ஐ.யு.சி.என். பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனம். இப்படியொரு பறவைக்கு மலைக் கணவாய்க் கணக்கு ஒரு வருகைப் பதிவேடு.

எப்படி எண்ணுகிறார்கள்?

பார்க்கச் சுலபமாகத் தெரியும். செய்யும்போதுதான் கழுத்து வலிக்கும். முறை கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இதுதான்:

• ஒரே இடம், ஒரே நேரம். தினமும் ஒரே பாறையில், காலை முதல் மாலை வரை. இடம் மாறினால் போன வருடத்தோடு ஒப்பிட முடியாது.

• மணிக்கு ஒரு பதிவு. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எத்தனை, எந்த இனம், எந்தத் திசை, எந்தக் காற்று, மேகம் எவ்வளவு என்று எழுத வேண்டும்.

• சுழலும்போது எண்ணக் கூடாது. ஒரே காற்றுத்தூணில் நூறு பறவைகள் சுற்றும்போது எண்ணினால் ஒன்றையே மூன்று முறை எண்ணிவிடுவோம். அவை உச்சிக்குப் போய் வரிசையாக வழுக்கிச் செல்லும்போது எண்ண வேண்டும்.

• உள்ளூர்க்காரர்களைக் கழிக்க வேண்டும். அங்கேயே வட்டமடிக்கும் கரும்பருந்தும் செம்பருந்தும் வலசைக் கணக்கில் சேராது.

• உருவத்தை வைத்து அடையாளம். தூரத்தில் நிறம் தெரியாது. சிறகின் அகலம், வாலின் நீளம், பறக்கும் விதம் ஆகியவைதான் துப்பு. பூனைப்பருந்து சிறகை 'வி' போல உயர்த்தி ஆடி ஆடிப் பறக்கும். விரால் அடிப்பானின் சிறகு நடுவில் மடங்கியிருக்கும்.

• பூஜ்யத்தையும் எழுத வேண்டும். ஒன்றுமே வராத நாளும் ஒரு தகவல். திருக்கழுக்குன்றத்தில் நமக்கு இல்லாமல் போனது இந்த பூஜ்யங்கள்தான்.

எண்ணிக்கை கூடினால் பறவை கூடியதாக அர்த்தமா?

இல்லை. இங்கேதான் செய்தி படிக்கும்போது கவனம் தேவை. தமிழ்நாட்டிலேயே ஒரு மலைப் பள்ளத்தாக்குக் கணக்கு நடக்கிறது. நீலகிரிக்குக் கீழே மாயாறு பள்ளத்தாக்கு தென்னிந்தியாவில் பாறு கழுகுகளின் கடைசிப் புகலிடம். முதுமலை, சத்தியமங்கலம், கர்நாடகத்தின் பந்திப்பூர், நாகரஹொளே, கேரளத்தின் வயநாடு ஆகிய பகுதிகளைச் சேர்த்து மூன்று மாநில வனத்துறைகளும் ஒரே நாட்களில் எண்ணுகின்றன. 2023 பிப்ரவரியில் 246 பாறுகள் பதிவாயின. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் 320.

"பத்தே மாதத்தில் 74 கூடிவிட்டது" என்று கொண்டாடத் தோன்றும். ஆனால் பாறு ஜோடி ஒன்று வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அந்தக் குஞ்சும் பிழைத்து வளர வேண்டும். 246 பறவைகள் பத்து மாதத்தில் 320 ஆகப் பெருகுவது நடக்கிற காரியமில்லை. எண்ணிய இடங்கள், ஆட்கள், பருவம், பறவைகள் அன்றைக்கு இருந்த இடம் ஆகியவை மாறினாலே எண்ணிக்கை மாறிவிடும். அதற்காக அந்தக் கணக்கு வீண் என்று அர்த்தமில்லை. ஒரே முறையில் பத்து, பதினைந்து வருடம் தொடர்ந்து எடுத்தால்தான் உண்மையான போக்கு தெரியும். ஒரு வருடக் கணக்கு புகைப்படம் மாதிரி. கதை தெரிய முழுப் படமும் ஓட வேண்டும்.

சரி, முட்டுக்காட்டில் எண்ண என்ன இருக்கிறது?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முட்டுக்காடு பட்டுமி ஆகாது. நமக்கு இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. ஐப்பசி, கார்த்திகை என்றால் அடைமழை. பறவைகளை ஒரே இடத்தில் குறுக்கும் மலைக் கணவாயும் இந்தக் கரையில் இல்லை. வடக்கே ஒரே நதியாக ஓடிவந்த வலசை, தீபகற்பத்துக்குள் வந்ததும் பல வாய்க்கால்களாகப் பிரிந்துவிடுகிறது. சில இனங்கள் இந்தியாவைத் தாண்டியே போகின்றன. சைபீரியா, வட சீனப் பகுதிகளில் இருந்து வரும் சுமார் 150 கிராம் எடையுள்ள அமூர் வல்லூறு, நாகாலாந்து, மணிப்பூரில் சில வாரம் தங்கித் தின்று கொழுத்து, தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, அரபிக்கடலையும் தாண்டி ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதிக்குப் போகிறது.

அந்த வல்லூறின் கதையும் கணக்கின் கதைதான். 2012-ல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கப் பகுதியில் வலை விரித்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமூர் வல்லூறுகள் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அந்த எண் வெளியே வந்ததும்தான் நாடே அதிர்ந்தது. கிராம சபைகளும் தேவாலயங்களும் வனத்துறையும் சேர்ந்து நின்றன. அடுத்த ஆண்டே, 2013-ல், அங்கே வேட்டை நின்றது. வலை விரித்த அதே கிராமங்கள் இன்று அந்தப் பறவைகளை விருந்தாளியாக வரவேற்கின்றன.

செங்கல்பட்டு கடற்கரை வலசையின் நடுவழி இல்லை. பல பறவைகளுக்கு அது கடைசி நிறுத்தம். வந்தவை அக்டோபர் தொடங்கி மார்ச் வரை இங்கேயே தங்கிச் சாப்பிடுகின்றன. விரால் அடிப்பானுக்குக் கழிமுகத்து மீன். பூனைப்பருந்துகளுக்கு நாணல் படர்ந்த சதுப்பும் தரிசு நிலமும். பொரி வல்லூறுக்கு உப்பளங்களில் கூடும் கரையோரப் பறவைகள். கோவளம் கழிமுகம், கேளம்பாக்கம் உப்பளங்கள், பக்கிங்ஹாம் கால்வாய், பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஆகியவை தனித்தனி இடங்கள் இல்லை. பள்ளிக்கரணையின் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வந்து, கடைசியில் கோவளம், முட்டுக்காடு வாய் வழியாகத்தான் கடலில் சேர்கிறது. ஒரே நீர், ஒரே விருந்து மேசை. 2022-ல் பள்ளிக்கரணைக்கும் இதே மாவட்டத்தின் வேடந்தாங்கல், கரிக்கிலி சரணாலயங்களுக்கும் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. முட்டுக்காடு கழிமுகம் அந்தப் பட்டியலில் இல்லை.

இங்கே பொருத்தமான முறை, மாலையில் அடையும் இடத்தில் எண்ணுவது. பூனைப்பருந்துகள் மரத்தில் அடைவதில்லை. புல்வெளியிலும் நாணலுக்குள்ளும் தரையில் கூட்டமாக அடையும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நான்கு பக்கமும் ஆட்கள் நின்றால், உள்ளே இறங்குபவற்றை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். குஜராத்தின் வேளாவதர் தேசியப் பூங்காவில் இப்படித்தான் எண்ணினார்கள். 1990-களில் ஆயிரக்கணக்கில் அடைந்த அந்த இடத்தில் இப்போது எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று நம்மால் சொல்ல முடிவதே அந்தப் பழைய கணக்கால்தான்.

இப்போது என்ன அவசரம்?

காரணம் தண்ணீர். 2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில், சென்னைக்கு ஆறாவது நீர்த்தேக்கமாக, திருப்போரூர் அருகே கோவளம் உபவடிநிலத்தில் 3,010 ஏக்கரில், 1.6 டி.எம்.சி. கொள்ளளவில், 350 கோடி ரூபாயில் ஒரு புதிய நீர்த்தேக்கம் அறிவிக்கப்பட்டது. பிறகு அதற்கு மாமல்லன் நீர்த்தேக்கம் என்று பெயர் சூட்டப்பட்டது. ஓ.எம்.ஆருக்கும் ஈ.சி.ஆருக்கும் நடுவே, மழைக்காலத்தில் வீணாகக் கடலுக்குப் போகும் நீரைத் தேக்கிக் குடிநீராக்குவது நோக்கம்.

அரசின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய நகரம் இது. ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகள் இன்றும் லாரித் தண்ணீரை நம்பித்தான் ஓடுகின்றன.

எதிர்ப்பவர்களின் கவலையும் நியாயமானது. இது உவர்நீர்ப் பகுதி. உப்பும் நன்னீரும் கலக்கும் அளவு மாறினால் இறால், நண்டு, மீன் எல்லாம் மாறும். அதை நம்பிப் பிழைக்கும் மீனவர்களின் வலை முதலில் காலியாகும். அதே மீனுக்காக வரும் பறவைகளும் இடம் மாறும் என்று சூழலியலாளர்கள் சொல்கிறார்கள்.

இரண்டு தரப்புக்கும் நடுவில் தீர்ப்பு சொல்ல ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சிதான் கணக்கு. நீர்த்தேக்கம் வருவதற்கு முன் இந்த நீர்ப்பரப்பில் ஒரு குளிர்காலத்துக்கு எத்தனை விரால் அடிப்பான்கள் தங்குகின்றன, எத்தனை பூனைப்பருந்துகள் அடைகின்றன என்ற அடிப்படை எண் வேண்டும். அது இல்லாமல் பத்து வருடம் கழித்து, "பறவை குறைஞ்சு போச்சு" என்று ஒருவர் சொன்னால், "எப்போ இருந்தது, காட்டுங்க பார்ப்போம்" என்று இன்னொருவர் கேட்பார். இரண்டு பேரிடமும் காகிதம் இருக்காது. அடிப்படைக் கணக்கை முன்கூட்டியே எடுக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு எடுத்தால், மாறிப்போன நிலைமையே 'இயல்பு நிலை' என்று பதிவாகிவிடும்.

யாரும் எண்ணவே இல்லையா?

எண்ணுகிறார்கள். இந்தியாவில் 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பை நடத்துகிறார்கள். அதில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். வனத்துறையும் மாநிலம் முழுக்க ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. மூன்றுமே மதிப்பு மிக்கவை.

ஆனால் கழுகுக்கு இவை மட்டும் போதாது. முதல் காரணம் காலம். ஜனவரியில் எண்ணினால் வந்து தங்கியவை தெரியும். அக்டோபர், நவம்பரில் கடந்து போனவை தெரியாது. இரண்டாவது காரணம் கண். ஏரியில் எண்ணுபவரின் பார்வை நீர்மட்டத்தில் இருக்கும். ஆயிரம் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் 300 மீட்டர் உயரத்தில் கடக்கும் ஒற்றைக் கழுகு கணக்கில் வராது. மூன்றாவது காரணம் நேரம். நீர்ப்பறவைக்கு அதிகாலை நல்லது. கழுகு வெயில் ஏறிக் காற்று சூடான பிறகுதான் மேலெழும்.

இந்த இடைவெளியை நிரப்ப ஒரு வாய்ப்பு பக்கத்திலேயே வந்திருக்கிறது. 2025-ல் தமிழ்நாடு அரசு, இரைகொல்லிப் பறவைகளுக்கென்று தனியாக ஓர் ஆராய்ச்சி அமைப்பை 1 கோடி ரூபாயில் உருவாக்க ஆணையிட்டது. அதன் பொறுப்பு வண்டலூரில் உள்ள வனத்துறையின் வன உயிரின ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கிறது. வண்டலூரும் செங்கல்பட்டு மாவட்டம்தான். வலசை போகும் இரைகொல்லிப் பறவைகளைக் காப்பதற்கான சர்வதேசப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் இந்தியா 2016-ல் கையெழுத்திட்டிருக்கிறது. எனவே, இது யார் வேலை என்ற கேள்விக்கே இடமில்லை.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு தேவையில்லை. இரண்டு ஏற்பாடுகள் போதும்.

முதலாவது, அடையும் இடக் கணக்கு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாதம் ஒரு மாலை, பள்ளிக்கரணை, கேளம்பாக்கம், முட்டுக்காடு மூன்றிலும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். தனித்தனி நாளில் எண்ணினால் ஒரே பறவை மூன்று இடத்திலும் பதிவாகிவிடும். உள்ளூர் மீனவர்களைச் சேர்த்துக்கொள்வது அவசியம். எந்தக் கம்பத்தில் எந்தப் பறவை தினமும் உட்காருகிறது என்பதை அவர்களைப் போல் அறிந்தவர்கள் இல்லை.

இரண்டாவது, ஒரு நிலையான கண்காணிப்பு மேடு. முட்டுக்காடு பாலத்தில் நின்று எண்ண முடியாது. ஈ.சி.ஆரில் வண்டிகள் போகும் வேகத்தில் அது உயிருக்கே ஆபத்து. தட்டையான இந்த மாவட்டத்தில் நாலாபுறமும் வானம் தெரியும் உயரமான இடம் வேண்டும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட ஒரு குன்று ஏற்கெனவே இருக்கிறது. மேலே நின்றால் சுற்றிலும் ஏரியும் வயலும் விரிந்து கிடக்கும். ஏறுவதற்குப் படி உண்டு, உட்கார மண்டபம் உண்டு, கீழே பேருந்து நிலையமும் உண்டு. ஊரின் பெயரும் பொருத்தம்.

திருக்கழுக்குன்றத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், மழை விட்ட நாட்களில், உள்ளூர் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் ஒரு தொலைநோக்கி, ஒரு நோட்டு, ஒரு பேனாவோடு காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை உட்கார்ந்தால் போதும். முதல் வருடம் பத்துப் பறவை வரலாம், நூறு வரலாம். எதுவும் வராமலும் போகலாம். எதுவானாலும் தேதி போட்டு எழுத வேண்டும். ஐந்தாவது வருடம் அந்த நோட்டு ஒரு ஆவணம். பத்தாவது வருடம், நீர்த்தேக்கம் பறவைகளை என்ன செய்தது என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில்.

அந்தப் பாறைக்கு மஞ்சள்முகப் பாறுகள் திரும்பி வருமா என்பது வேறு கேள்வி. ஆனால் ஒருநாள் உச்சி வேளையில் ஒன்று வந்து சுற்றினால், இந்த முறை அதைத் தேதியோடு எழுதிவைக்க அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும்.